ரீயூனியனில் மலோயாவை அருகில் நின்று கேட்பது எப்படி? கபாருக்குப் புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வேலைக்கோ படிப்புக்கோ, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து சேரும் நம்மவர்களில் பலர், ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும் தீவின் சொந்த இசையை நேரில் கேட்டதில்லை. கோவில் திருவிழாவில் மேளம் கேட்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு கேட்கிறார்கள், கடற்கரை ஹோட்டலில் சுற்றுலாப் பயணிகளுக்காக வாசிக்கும் செகா ஆட்ட இசையும் கேட்கிறார்கள். அடுத்த தெருவில் ஒருவர் வீட்டு முற்றத்தில் விடிய விடிய நடக்கும் மலோயா இசைக் கூடுகையான கபார் மட்டும் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. முன்பின் தெரியாத இடத்துக்குப் போகலாமா, தீவின் பேச்சுமொழியான கிரெயோல் சரியாக வராதே, நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இந்த வழிகாட்டி.

இந்த இசையோடு நமக்கும் உறவு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடையே, கரும்புத் தோட்டங்களில் பிறந்தது மலோயா. 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் அதே தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். கல்பனோன் எனப்படும் அதே வரிசை வீடுகளில் தங்கினார்கள், அதே ஆலைகளில் உழைத்தார்கள். மலபார் என்று இன்று அழைக்கப்படும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் மலோயாக்காரர்கள்தான். கிழக்குக் கரையில் சேன்-பெனுவாவில் வாழ்ந்து 2004இல் மறைந்த பாடகர் கிரான்மூன் லேலே, மடகாஸ்கர் வேரும் தமிழ் வேரும் ஒருங்கே கொண்டவர். போஃபோன் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. சிஸ்காகான் இசைக்குழுவை 1979இல் தொடங்கிய ஜில்பேர் பூனியாவும் தமிழ் வழிவந்தவர். அவர் மகள் மாயா கமாத்தி இன்று தனக்கென ஒரு பாணியோடு பாடிவருகிறார்.

முதல் படி: எந்த வகைக் கூடுகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலோயாவை மூன்று விதமான இடங்களில் கேட்கலாம். மூன்றுக்கும் வழக்கங்கள் வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் சங்கடம் உங்களுக்கும் வரும், அவர்களுக்கும் வரும்.

ஒன்று, செர்விஸ் கபாரே. முன்னோர்களுக்காக ஒரு குடும்பம் வீட்டில் நடத்தும் இரவு வழிபாடு இது. படையல் உண்டு, பலி உண்டு, அருள் வந்து ஆடுவதும் உண்டு. பாட்டும் மேளமும் அங்கே முன்னோர்களை அழைப்பதற்காக. குடும்பத்தார் அழைத்தால் மட்டுமே போக வேண்டும். போனால் செருப்பை எங்கே விடுவது, எப்போது அமர்வது, எதைச் சாப்பிடுவது என்பதையெல்லாம் கேட்டு நடக்க வேண்டும். போனை வெளியே எடுக்கவே கூடாது. நம் குலதெய்வப் படையலில் யாரோ ஒருவர் கேமராவோடு நுழைந்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அவர்களுக்கும் அப்படித்தான்.

இரண்டு, கபார். இது எல்லோருக்கும் திறந்த கூடுகை. யாராவது ஒருவரின் முற்றம், ஊர்ச் சதுக்கம், கடற்கரை மரத்தடி, சின்ன பார், சங்கத்துக் கொட்டகை என எங்கும் நடக்கும். மேடை பெரும்பாலும் இருக்காது. புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் திடமான கருத்து.

மூன்று, சிறு அரங்குகள். லே போர் ஊரில் கபார்டாக், சேன்-லேயில் லெ செஷ்வார், சேன்-பெனுவாவில் லெ பிசிக், சேன்-தெனியில் சிட்டே தெ ஸார் வளாகத்தில் உள்ள பலாக்ஸா ஆகியவை முக்கியமானவை. மலோயாவை மின்னிசையோடும் ராக்கோடும் கவிதையோடும் கலந்து பார்க்கும் இளைய கலைஞர்களை இங்கேதான் கேட்க முடியும். ஒலி நன்றாக இருக்கும், நிகழ்ச்சி ஏறக்குறைய சொன்ன நேரத்தில் தொடங்கும். மொழிக்கூச்சம் உள்ளவர்கள் இங்கே தொடங்கி, பிறகு கபாருக்குப் போவதும் ஒரு வழி.

2004இல் சேன்-லேயில் தொடங்கி, பிறகு சேன்-பியேருக்கு இடம் மாறிய சக்கிஃபோ போன்ற பெரிய விழாக்களும் உண்டு. அவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாயிரம் பேருக்கு நடுவே நின்று திரையில் பார்ப்பதும், ரூலேர் மேளம் அடிப்பவரின் உள்ளங்கை உங்கள் கண்ணெதிரே இறங்குவதும் ஒன்றாகிவிடாது. இந்த வழிகாட்டி சிறிய இடங்களுக்கானது.

இரண்டாம் படி: போவதற்கு முன் காதைப் பழக்குங்கள்

இதற்குச் சில மாலைகளைக் கொடுங்கள். கருவிகளின் குரல் தனித்தனியாகத் தெரிந்துவிட்டால், முதல் கபாரிலேயே உங்களுக்குக் கிடைப்பது பல மடங்காகிவிடும்.

ரூலேர்தான் தாய்க் கருவி. பீப்பாய் உடலில் மாட்டுத்தோல் கட்டிய பெரிய மேளம். வாசிப்பவர் அதன்மேல் குதிரையேறியதுபோல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அடிப்பார். சில சமயம் குதிகாலைத் தோலில் அழுத்திச் சுருதியை மாற்றுவார். அதன் ஒலி காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வரும்.

கயாம்பு தட்டையான செவ்வகக் கருவி. கரும்புப் பூவின் தண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மரச்சட்டத்தில் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டு மூடியிருப்பார்கள். குன்றிமணியோ கல்வாழை விதையோ இருக்கும். இரண்டு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டும்போது விதைகள் ஓடும் ஓசைதான் பாட்டு முழுவதும் நிற்காமல் கேட்கும் அந்தச் சரசரப்பு. பார்க்க எளிது. பாட்டு முடியும்வரை ஒரே சீராக ஆட்டிப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு தேர்ச்சி இருக்கிறது என்று புரியும்.

பிக்கேர் என்பது தாங்கியின்மேல் வைத்துக் குச்சிகளால் அடிக்கும் மூங்கில். சாத்தி என்பது தகரப் பெட்டி, அதுவும் குச்சியால்தான். போப் என்ற வில்லிசைக் கருவி இப்போது அரிதாகத்தான் வரும்: ஒற்றைத் தந்தி, ஒலிக்கூடாகச் சுரைக்குடுக்கை. எங்காவது அதைக் கண்டால் அதன் அருகிலேயே நில்லுங்கள்.

இனித் தாளம். கர்நாடக இசையோ கோவில் மேளமோ கொஞ்சம் கேட்டவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். மலோயா திஸ்ர நடையில் போகும் இசை. கயாம்பின் ஓசையோடு "தகிட தகிட" என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், பொருந்தும். அந்த ஆறு துடிப்புகளை இரண்டு மும்மைகளாகவும் எண்ணலாம், மூன்று இரட்டைகளாகவும் எண்ணலாம். ஒரு கருவி ஒரு கணக்கில் போகும்போது இன்னொன்று மற்றதில் போகும். மலோயா கேட்கும்போது உடல் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஊசலாடுகிறதே, அது இதனால்தான். முதலில் ரூலேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது நிலைத்தபின் கயாம்பைச் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயன்றால் இரண்டும் நழுவும்.

பாட்டின் அமைப்பும் நமக்குப் பழக்கமானதே. பல பாட்டுகள் தாளமில்லாமல், விருத்தம் பாடுவதைப்போல ஒற்றைக் குரலில் தொடங்கும். பிறகு மேளம் இறங்கும். முதன்மைப் பாடகர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த மற்றவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

யாரைக் கேட்பது? பழைய பாணிக்கு ஃபிர்மேன் விரி, கிரான்மூன் லேலே, லோ ர்வா காஃப். ஃபிர்மேன் விரி பிறந்து வளர்ந்த லீஞ் பராதி, சேன்-பியேருக்கு மேலே கரும்புக்காட்டுப் பகுதி. லேலேயின் பாட்டுகளில் தமிழ்க் கோவில் வழிபாட்டின் சாயல் அங்கங்கே தலைகாட்டும். நம்மவர்களுக்குச் சட்டென்று உறைக்கும். அடுத்து தன்யேல் வாரோ. 1955இல் தாம்போனில் பிறந்தவர், ராணுவச் சேவைக்கு மறுத்துச் சிறை சென்றவர், கயாம்புகளைத் தன் கையாலேயே செய்பவர். மேளம் பின்வாங்கி அவர் குரல் தனியாக நிற்கும் இடங்களை மீண்டும் மீண்டும் கேளுங்கள். பெண் குரலுக்குக் கிறிஸ்தீன் சலேமும், அடுத்த தலைமுறையில் ஆன் ஓ'ஆரோவும். ஆடவைக்கும் வேகத்துக்கு, பிரா-பனோனில் பனியாண்டி குடியிருப்பிலிருந்து வந்த லிந்திகோ குழு. கித்தாரும் கவிதையும் விரும்புகிறவர்கள் 1995இல் இளவயதிலேயே மறைந்த அலேன் பீட்டர்ஸை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1970களின் இறுதிவரை இந்த இசையைத் தீவின் மேல்தட்டும் நிர்வாகமும் தாழ்வாகத்தான் நடத்தின. வானொலியில் அதற்கு இடமில்லை. மலோயாவை முதன்முதலாக இசைத்தட்டில் கொண்டுவந்தது ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி, 1976இல். 1980களில்தான் நிலைமை மாறியது. 2009இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கபாரில் முதியவர் ஒருவர் கண்மூடிப் பாடும்போது, ஒளிந்து பாட வேண்டியிருந்த காலமும் அந்தக் குரலில் சேர்ந்து வருகிறது. அதை அறிந்து கேட்பவரின் மௌனம் வேறுவிதமாக இருக்கும்.

மூன்றாம் படி: எங்கே, எப்போது என்று கண்டுபிடியுங்கள்

அரங்குகளின் நிகழ்ச்சி நிரல் அவற்றின் இணையதளங்களில் இருக்கும், முன்பதிவும் அங்கேயே. கபார் அப்படியல்ல. கடைச் சுவரில் ஒட்டிய காகிதம், முகநூல் பதிவு, வானொலியில் ஒரு வரி, வேலையிடத்தில் யாரோ சொன்னது என்று செய்தி பரவும். பலன் தரும் வழி ஒன்றுதான்: உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். "கொமான் இ லே?" என்று நலம் விசாரித்து, இந்த வாரம் எங்காவது கபார் உண்டா என்று கேட்டால் போதும். சிறிய குழு ஒன்றைப் பிடித்துவிட்டால் அந்தக் குழுவையே பின்தொடருங்கள். அவர்கள் வழியாக அடுத்தடுத்த இடங்கள் தெரியவரும்.

ஆண்டின் உச்சம் டிசம்பர் 20, அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஃபெட் காஃப் நாள். 1983 முதல் அது பொது விடுமுறை. அதற்கு முன்தின இரவிலிருந்தே ஊருக்கு ஊர் மேளம் கேட்கும். முதல் அனுபவத்துக்கு அதைவிட நல்ல நாள் இல்லை, ஏனென்றால் அன்று எல்லோருமே விருந்தினர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் காலம் என்பதால் திறந்தவெளி நிகழ்ச்சிகள் தள்ளிப்போகலாம். கிளம்புமுன் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கிளம்பும் முன்

போக்குவரத்துதான் இங்கே பெரிய தலைவலி. ஊர்களை இணைக்கும் கார் ஜோன் பேருந்துகள் மாலையோடு முடிந்துவிடுகின்றன. இரவுக் கச்சேரியிலிருந்து திரும்ப அவற்றை நம்ப முடியாது. சேர்ந்து காரில் போவதே வழி. ஓட்டுபவர் யார் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஊறல் ரம்மை அன்போடு ஊற்றிக் கொடுப்பார்கள். சட்டப்படி வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம், புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 மட்டுமே. ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம்.

உடை எளிமையாக இருக்கட்டும். மண்தரையில் நிற்க, ஆட ஏற்ற செருப்பு போதும்; மலோயா ஆடுபவர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். தாம்போன், பிளேன் தெ காஃப்ர் போன்ற மேட்டுப்பகுதிகள் என்றால், இங்கே குளிர்காலமான ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கம்பளி உடை கட்டாயம். கடலோரத்தில் மெல்லிய மேலாடை போதும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சமுசா, போம்போன் பிமான், சோறும் கறியும் விற்கும் அக்காமார்கள் எப்படியும் இருப்பார்கள். போம்போன் பிமானைக் கடித்தால் நம் வடை நினைவுக்கு வரும். தீமிதிக்கோ காவடிக்கோ விரதம் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். கரேம் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீவில் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்ந்தபின்

உள்ளே நுழைந்ததும் வாசலில் நிற்பவர்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம் சொல்லுங்கள். பேசாமல் போய் மூலையில் நிற்பதுதான் இங்கே மரியாதைக் குறைவு. முதியவர்களைக் கிரான்மூன் என்பார்கள். அவர்களுக்கு முதலில் இடம் கொடுங்கள், நாற்காலி இருந்தால் விட்டுக்கொடுங்கள். நம் வழக்கமும் அதுதானே.

சொன்ன நேரத்துக்குக் கபார் தொடங்காது. அந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். மேளத்தோலைச் சூடாக்குவதையும், கயாம்புகள் கைமாறுவதையும், யார் எந்தப் பாட்டைத் தொடங்குவது என்று பேசிக்கொள்வதையும் பாருங்கள். வாசிப்பவர்களோடு இரண்டு வார்த்தை பேச மிக நல்ல நேரம் அது.

எங்கே நிற்பது? முதல் அரை மணி நேரம் ரூலேருக்கு நேர் எதிரே, இரண்டு மூன்று அடி தள்ளி. அங்கே நின்றால் தாளம் உடலுக்குள் இறங்கிவிடும். பிறகு பக்கவாட்டுக்கு வந்து பதில் பாடும் குழுவோடு நில்லுங்கள். மலோயாவில் பார்வையாளர் வரிசை என்று ஒன்று உண்மையில் கிடையாது. வட்டத்தில் நிற்பவர்களின் பதில் குரல் இல்லாமல் பாட்டு முன்னே நகராது. பத்துப் பேர் வாய் திறக்காமல் நின்றால் பாடகருக்கு அது உடனே தெரியும், பாட்டு சீக்கிரமே முடிந்துவிடும். ஆகவே பாடுங்கள். சொற்கள் புரியாவிட்டாலும் முதல் இரண்டு சுற்றைக் கேட்டால் பதில் அடி பிடிபட்டுவிடும். பெரும்பாலும் அது ஒரே வரிதான், திரும்பத் திரும்ப வரும். உச்சரிப்பு பிசகினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பஜனையில் பின்பாட்டுப் பாடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை.

ஆட்டம் வந்தால் ஆடுங்கள். கால்கள் தரையை விட்டு அதிகம் எழாமல் உரசி நகரும், இடுப்பு அசையும். எதிரெதிரே நின்று ஆடுவார்கள், ஒருவரையொருவர் தொட மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டால் நம் பெண்களுக்கு இருக்கும் பாதித் தயக்கம் போய்விடும். யாராவது எதிரே வந்து ஆடினால் கொஞ்சநேரம் ஆடிவிட்டுப் புன்னகையோடு விலகலாம், அதில் தவறில்லை.

கைதட்டுவதில் கவனம் வேண்டும். தாளத்தைச் சரியாகப் பிடிக்கும்வரை தட்டாதீர்கள். நான்கு எண்ணும் சினிமாத் தாளத்தில் தட்டினால் பக்கத்தில் கயாம்பு பிடித்தவரின் கை தடுமாறும். கருவிகளை அனுமதியில்லாமல் தொடக்கூடாது. ரூலேரின்மேல் கோப்பை வைப்பதோ உட்காருவதோ கூடவே கூடாது. போனில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஆசைப்பட்டால் பாடுபவரிடம் கேளுங்கள், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: காசு விஷயத்தில் தாராளமாக இருங்கள்

பல கபார்கள் இலவசம். தொப்பி சுற்றி வந்தால் தாராளமாகப் போடுங்கள், சில்லறை தேடாதீர்கள். அரங்குகளில் முன்பதிவு விலை வாசல் விலையைவிடக் குறைவாக இருக்கும்; ஆனாலும் டிக்கெட் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள், காலி நாற்காலி சிறிய கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்.

நம் டிக்கெட் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி மேடைக் கலைஞர், வேலையில்லாத நாட்களுக்கான உதவித்தொகை பெற, 12 மாதத்தில் 507 மணி நேரம் ஊதியத்தோடு வேலை செய்திருக்க வேண்டும். ஒரு கச்சேரி ஊதியம் 12 மணி நேரமாகக் கணக்கிடப்படும். அதாவது ஆண்டுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஊதியக் கச்சேரிகள். சின்ன ஊர் ஒன்றில் முப்பது பேர் பணம் கொடுத்து உட்கார்ந்த ஓர் இரவு, அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. இசைத்தட்டு விற்றால் அங்கேயே, அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள்.

ஏழாம் படி: குழந்தைகளோடு

கபாரில் குழந்தைகள் எப்போதும் இருப்பார்கள். கயாம்பைப் பலர் கற்றுக்கொண்டது அப்படித்தான். மின்பெருக்கம் இல்லாத முற்றத்துக் கபார் அவர்களுக்கு மிக ஏற்றது. மூடிய அரங்கில் மட்டும் காதைக் கவனியுங்கள். பிரான்சில் அரங்குகள் 15 நிமிடச் சராசரியில் 102 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அதுவே குழந்தைக் காதுக்கு மிக அதிகம். காதடைப்பான்களை அரங்கிலேயே இலவசமாகக் கேட்டு வாங்கலாம், ஆனால் சிறு குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் வகையை நீங்களே கொண்டுபோங்கள்.

எட்டாம் படி: கேட்பதிலிருந்து வாசிப்பதற்கு

சில கபார்கள் ஆனபின் கை துறுதுறுக்கும். ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் மலோயாப் பயிற்சி நடக்கிறது. ரூலேரில் தொடங்க அவசரப்பட வேண்டாம், கயாம்பில் தொடங்குங்கள். வாங்குவதென்றால் சுற்றுலாக் கடையில் தொங்கும் அழகுப் பொருளை விட்டுவிட்டு, வாசிப்பவர் யாராவது ஒருவர் சொல்லும் கைவினைஞரிடம் போங்கள். கையில் எடுத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: விதைகள் ஒரே அலையாக ஓடி, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சிதறிச் சிதறி ஓடினால் அது அலங்காரத்துக்கு மட்டுமே. ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், தண்டுகள் சீக்கிரம் கெட்டுவிடும்.

சேன்-அந்த்ரே பக்கம் இருப்பவர்கள் கோவில்களில் தப்பும் மத்தளமும் வாசிக்கும் பெரியவர்களையும் போய்க் கேளுங்கள். வார்த்தியால் எனப்படும் வாத்தியார் முன்னின்று பாட, இரவு முழுவதும் தமிழிலேயே நடக்கும் பால் தமுல் கூத்து எங்காவது நடக்கிறது என்று காதில் விழுந்தால் எந்த வேலையையும் ஒத்திவைத்துவிட்டுப் போங்கள். அதை ஆடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கபாரில் என்றாவது ஒருநாள் பக்கத்தில் இருப்பவர் களைத்துப்போய்க் கயாம்பை உங்களிடம் நீட்டுவார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள், அலங்காரம் எதுவும் சேர்க்காதீர்கள், ரூலேர் வாசிப்பவரின் கையையே பார்த்துக்கொண்டு சீராக ஆட்டுங்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.